கனத்த கைக்கு ஒரு முரட்டு ஊசி

மார்ச் 3

மகாகனம் பொருந்திய அக்காவுக்கு,

ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் ஒரே முறைப்பில் நேராக நிற்க வைப்பவனும், எடைமெஷின் ரிப்பேர் உலகின் ஏகச் சக்கரவர்த்தியும், உன் மகளுக்கு வாய்த்த ஒரே தாய்மாமனுமாகிய உன் தம்பி எழுதுவது.

முதலில் ஒரு அறிவிப்பு. உன் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் இருந்த இசைத்தட்டைத் தேடி வீட்டைத் தலைகீழாக்காதே. அது என்னிடம் இருக்கிறது. திருட்டு என்று சொல்லாதே. ராஜாக்கள் செய்தால் அதற்குப் படையெடுப்பு என்று பெயர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சுப் பயிற்சி அம்மா சொன்னதை நீயும் கேட்டாய். "குரல்வளையை எடுத்தாச்சு. இனிமே தொண்டையிலேர்ந்து குரல் வராது. ஆனா இவங்க பழைய குரல் சுத்தமா எங்கயாவது பதிவாகியிருந்தா, தட்டினா பேசுற பெட்டிக்கு அந்தக் குரலையே குடுத்துடலாம். நான் இங்க இருக்கிறது ஏப்ரல் கடைசி வரைக்கும்தான். அதுக்குள்ள கொண்டாங்க." உன் மகள் வீட்டிலிருக்கிற வீடியோ அத்தனையும் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவள் நீ. மொத்தத்தில் கிடைத்தது "தள்ளி நில்லு", "சிரியேன்டா", இரண்டு தும்மல். அதை வைத்துக்கொண்டு பெட்டி என்ன பேசும்?

அப்போதுதான் எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. சுருக்கெழுத்துப் பள்ளியில் நீ புது டீச்சராகச் சேர்ந்தபோது அவர்கள் வெளியிட்டது. நீ வியாபாரக் கடிதங்களை வாசிக்க, மாணவர்கள் வீட்டிலிருந்தே எழுதிப் பழக, இரண்டு பக்கமும் உன் குரல். பாட்டு இல்லை, மேளம் இல்லை. தெளிவான பேச்சு மட்டும். பிரபஞ்சத்தில் மிச்சமிருக்கிற ஒரே பிரதி உன் போர்வைக்கு அடியில்.

நான் அந்த அலமாரியைத் திறந்தபோது நீ கையை வேகமாக ஆட்டினாய். ஈ விரட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

என் ரெக்கார்ட் பிளேயர் இருக்கிறதே, அதன் கையை, ஊசியைத் தாங்கும் அந்த நீட்டுக் கம்பியை, நீ பார்த்திருக்கிறாய். பாலம் கட்ட வைத்திருந்த இரும்பில் செய்தது. கனமோ கனம். அதன் முனையிலிருந்த பழைய கார்ட்ரிட்ஜில், ஊசியைப் பிடித்திருக்கிற அந்தச் சின்னக் கட்டையில், ஊசி தேய்ந்து கடப்பாரையாகிவிட்டது. அதை உன் தட்டில் வைத்தால் ஒரே சுற்றில் உன் குரலைச் சுரண்டித் தூளாக எடுத்துவிடும். ஆகவே புது கார்ட்ரிட்ஜ் தேடிக் கிளம்புகிறேன். உலகத்திலேயே சிறந்தது. அதற்குக் குறைந்து ஒன்றும் உன் தட்டைத் தொடாது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தவறாமல் போன் செய்து என்னைத் திட்டுவாய். இப்போது அந்த நேரத்தில் போன் சும்மா கிடக்கிறது. துடைத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
தராசுச் சக்கரவர்த்தி


மார்ச் 8

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. பாதி பொய். மீதி எழுத்துப்பிழை.

நான் கையை ஆட்டியது ஈக்கு இல்லை. உனக்கு.

தட்டைத் திருப்பி அனுப்பு. அட்டைப் பெட்டியில், இரண்டு பக்கமும் பலகை வைத்து. தபாலில் வேண்டாம். நீயே கொண்டு வா. வாசலோடு கொடுத்துவிட்டுப் போ.

காரணம் கேட்பாய். சொல்கிறேன். அந்தக் குரல் எனக்குப் பொருந்தாது. அது அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுடையது. இந்த முகத்துக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்து அதிலிருந்து அவள் பேசினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் பரிதாபப்படுவார்கள். இரண்டாவதுதான் மோசம்.

என்னிடம் எழுதுபலகை இருக்கிறது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அது போதும்.

அதோடு நீ தராசு பார்க்கிறவன். என் குரலை எடை போடச் சொல்லி உன்னை யாரும் கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 15

கோபக் கடலான அக்காவுக்கு,

உன் தட்டு என் பீரோவில் துணி சுற்றி நிமிர்ந்து நிற்கிறது. அதன் மேல் தூசி விழுந்தால் அந்தத் தூசி மேல் வழக்குப் போடுவேன். இன்னும் எந்த ஊசியும் அதைத் தொடவில்லை. ஆனால் ஒன்று பார்த்தேன். போர்வைகளின் கனத்தில் ஓரம் வளைந்திருக்கிறது. சுற்றவிட்டால் அலை மாதிரி ஏறி இறங்குகிறது. திருப்பித் தரும் விஷயத்தை உன் கடிதத்தில் காணோம். தபால்காரர் அந்தப் பத்தியைக் கீழே போட்டுவிட்டார் போலிருக்கிறது.

ஊசிக்கடைக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை. ஒரு ஆள் உள்ளே போனால் கடைக்காரர் வெளியே வந்து நிற்க வேண்டும். கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டே பேசுகிறார். விஷயத்தைச் சொன்னேன். கறுப்பாக, கட்டையாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"பேச்சு ரெக்கார்டு. பழைய மோனோ. உங்க கை வேற கனம்னு சொல்றீங்க. இதை எடுத்துக்கங்க சார். முரட்டு ஊசி. கனமான கைக்கு இதுதான் அடங்கும்."

"இது என்னங்க, உழவுக் கலப்பை மாதிரி இருக்கு? எங்க அக்கா குரலை உழுறதுக்கா வந்தேன்?"

"அப்ப பட்டு மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா சார்…"

"ஆனாவெல்லாம் வேண்டாம். பட்டைக் குடுங்க."

வாங்கி வந்துவிட்டேன். வைர முனை. மூச்சு விட்டால் வளைகிற மென்மை. தேவலோகத்தில் சண்டை வந்து அங்கிருந்து கீழே விழுந்தது போல ஒரு பொருள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். கேள். ஊசி ஒரு துளி ரப்பரில் தொங்குகிறது. அதன் மேல் கையின் கனம் உட்காருகிறது. கனமும் ரப்பரும் சேர்ந்தால் ஒரு ஆட்டம் வரும், நம் தராசுத் தட்டு ஆடுவதைப் போல. விநாடிக்குச் சுமார் பத்து ஆட்டம் என்றால் சொர்க்கம். ரொம்ப மெதுவாக ஆடினால் தட்டின் வளைவும் ஆட்கள் நடக்கிற அதிர்வும் அதோடு கூட்டுச் சேர்ந்து கையைத் தூக்கிப் போடும். ரொம்ப வேகமாக ஆடினால் பேச்சுக்குள்ளேயே புகுந்துவிடும். கையின் கனத்தைப் பிளேயரோடு வந்த சூத்திரத் தாளிலும், ஊசியின் மென்மையை ஊசியோடு வந்த தாளிலும் பார்த்துச் சூத்திரத்தில் போட்டேன். பத்து! அச்சு வைத்தது மாதிரிப் பத்து!

உன் தட்டில் வைப்பதற்கு முன் என்னிடமிருந்த பறவைக் குரல் ரெக்கார்டில் சோதித்தேன். அதுவும் ஓரம் வளைந்ததுதான். அக்கா, அந்தக் கை படகு மாதிரி ஆடியது. ஸ்பீக்கர் காகிதம் ஓடிவந்த ஆளின் வயிறு போல உள்ளே போய் வெளியே வந்தது. தெருவில் லாரி போனதும் ஊசி குயிலிலிருந்து எம்பி ஆந்தையில் போய் விழுந்தது. நடுவிலிருந்த கிளி, மைனா, மரங்கொத்தி மூன்றும் உலகத்துக்கு இல்லாமல் போயின.

மேசையைச் சுவரோடு ஒட்டினேன். காலுக்கு ரப்பர் வைத்தேன். பக்கத்து வீட்டுத் தையல்மெஷினை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கணக்கு பத்து என்கிறது, கை நீச்சலடிக்கிறது.

கடைசி ஆயுதம் ஒன்று வைத்திருக்கிறேன். கையின் தலையில் ஒரு நாணயத்தை ஒட்டப்போகிறேன். அழுத்திப் பிடித்தால் எப்படிக் குதிக்கும்? அது நின்றதும் உன் தட்டுதான். நீ நம்பமாட்டாய் என்பதற்காக இரண்டு தாளையும் நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கணக்கைச் சரிபார்த்துக்கொள். நான் பொய் சொல்வேன், ஆனால் வர்க்கமூலத்தில் சொல்லமாட்டேன்.

உன் தம்பி


மார்ச் 18, கூரியரில்

தம்பி,

நாணயத்தை ஒட்டாதே. என் தட்டைத் தொடாதே. மீதியைப் பிறகு படி. முதலில் இந்த இரண்டையும் செய்.

உன் சூத்திரப்படியே கனம் கூடினால் ஆட்டம் இன்னும் மெதுவாகும். நோயை வளர்க்கிற மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சூத்திரத் தாளில், மென்மையை விநாடிக்குப் பத்து அதிர்வில் அளந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஊசித் தாளில், கடைசி வரிக்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், நூறு அதிர்வில் அளந்தது என்று இருக்கிறது. ரப்பரை வேகமாக அசைத்தால் விறைப்பாக நிற்கும், மெதுவாக அசைத்தால் இளகிக்கொடுக்கும் என்று சூத்திரத் தாளின் பின்பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நீ பின்பக்கம் பார்க்கவில்லை. நீ எப்போதுமே பின்பக்கம் பார்ப்பதில்லை.

ஆக உன் ஊசி நீ நினைத்ததை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு மென்மை. அப்படி வைத்துப் போட்டால் பத்து வராது. ஏழு வருகிறது. அதனால்தான் நீச்சல்.

உன் கை கனமானது. அதற்கு விறைப்பான ஊசி வேண்டும். அதாவது கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது. ஒருவர் "ஆனா" என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியம் முடிகிறவரை கேட்க வேண்டும். எழுத்து வேலையில் முதல் பாடமே அதுதான்.

இதை நான் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளாதே. தப்பைப் பார்த்தால் திருத்தாமல் இருக்க என்னால் முடியாது. அவ்வளவுதான். தட்டைத் திருப்பிக் கொண்டு வா.

அக்கா


மார்ச் 26

அக்கா,

இன்று பட்டம் எதுவும் போடாமல் எழுதுகிறேன். என் கிரீடம் ஊசிக்கடை வாசலில் கிடக்கிறது.

மாடிப்படி பக்கம் தலை தெரிந்ததுமே கேட்டார்: "வாங்க தராசு சார். பட்டு கிழிஞ்சுதா?"

"கிழியலீங்க. நீச்சல் கத்துக்கிச்சு."

"கணக்குப் போட்டீங்களா?"

"போட்டேன். தப்பா போட்டேன். எங்க அக்கா திருத்தினாங்க."

"அவங்க என்ன பண்றாங்க?"

"டீச்சரா இருந்தாங்க. இப்ப என்னை மட்டும் பார்த்துக்கிறாங்க."

கலப்பையை எடுத்து வைத்தார். நான் மறுபடி ஒரு கேள்வி கேட்டேன், உனக்காகத்தான். மென்மையான ஊசி ஒன்றே கால் கிராம் அழுத்தத்தில் நிற்கிறது, இது மூன்று கிராம் கேட்கிறது, தட்டைக் கிழிக்காதா என்று. அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

"சார், லேசா நின்னு குதிக்கிற ஊசிதான் தட்டைக் கொத்தும். அழுத்தமா நின்னு ஓடுற ஊசி கொத்தாது. அதோட இது மோனோ. பக்கவாட்டுல அசையறதை மட்டும்தான் கேக்கும். உங்க அக்கா பேச்சு பக்கவாட்டுல இருக்கு. வளைவு மேலயும் கீழயும் இருக்கு. வளைவு போடுற சத்தத்தை இது காதுலயே போட்டுக்காது."

இந்த முறை வாக்கியம் முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை. வேண்டுமானால் அவரிடமே கேட்டுப் பார்.

வீட்டில் மாட்டினேன். திருகு இரண்டும் கடுகை விடச் சின்னது. ஒன்று கீழே விழுந்துவிட்டதென்று தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் போய், என் வாழ்நாளில் செய்த எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அது சட்டைப் பையில் இருந்தது. தங்கக்கடைத் தராசைக் கொண்டுவந்து ஊசியின் அழுத்தத்தை அளந்தேன். மூன்று கிராம், முடி பிசகாமல். ஊசியின் அளவை நூறு அதிர்விலிருந்து பத்து அதிர்வுக்கு மாற்றிக் கணக்கைத் திரும்பச் செய்தேன். பின்பக்கமும் பார்த்தேன். பத்துக்கு ஒரு பொட்டு குறைவு.

பறவை ரெக்கார்டு. ஊசி வளைவில் ஏறியது, இறங்கியது, நல்ல டிரைவர் மேட்டில் வண்டி ஓட்டுகிற மாதிரி. ஸ்பீக்கர் காகிதம் அசையவில்லை. லாரி போயிற்று. குயில் குயிலாகவே இருந்தது. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று குதித்தும் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்னைப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

எல்லாம் தயார். உன் தட்டைத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன். பதிவு செய்கிற கருவி பக்கத்தில் இருக்கிறது. கையைத் தூக்கினேன். தட்டுக்கு மேலே கொண்டுபோனேன்.

திரும்பக் கொண்டுபோய்த் தாங்கியில் வைத்துவிட்டேன்.

படையெடுத்தது நான்தான். ஆனால் இது உன் குரல். நீ சொல்லாமல் போடமாட்டேன். வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டி, நானே கொண்டு வந்து வாசலோடு கொடுத்துவிட்டுப் போகிறேன். வேண்டும் என்றால் ஒரு வார்த்தை எழுது.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

நேற்று மின்சார ஆபீசுக்குப் போனேன். மீட்டர் தப்பாக ஓடுகிறது. மகளும் கூட வந்தாள். நான் பலகையில் விவரமாக, முழு வாக்கியத்தில், எழுதிக் காட்டினேன். ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் பலகையைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்து, "அம்மாவுக்குக் காது கேக்குமா?" என்றான்.

கேட்கும் என்று எழுதினேன். அதையும் படிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கத்தினான்: "அம்மா! ஒண்ணும்! கவலைப்படாதீங்க! நாங்க! பாத்துக்கிறோம்!" வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். ஒரு பெண் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் எழுத ஆரம்பித்தேன். அவனுக்கு என்ன சொல்ல வேண்டுமோ எல்லாம். பாதியில் பேனா காய்ந்துவிட்டது. தேய்த்தேன், உதறினேன், எழுதவில்லை. பலகையில் "நீர் ஒரு" என்பது மட்டும் இருந்தது. அதை அவனிடம் நீட்டிக்கொண்டு நின்றேன்.

மகள் வெளியே வந்ததும் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது வந்தது. ஆனால் கோபம் போகவில்லை.

எனக்கு அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டும். சத்தமாக.

குரல் வயதுக்குப் பொருந்தாது என்று எழுதினேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரிப்பதற்காவது அவர்கள் என்னைத்தானே பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம். தட்டு முழுக்க வியாபாரக் கடிதம். "தங்கள் சரக்கு வந்து சேர்ந்தது, மிக்க மகிழ்ச்சி." அப்படிப்பட்ட குரலுக்குக் கோபப்படத் தெரியுமா? கேட்டுவிட்டு எழுது. பொய் சொல்லாதே.

போடு.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

ஞாயிறு மத்தியானம் போட்டேன். தெருவில் கடைகள் மூடியிருந்தன. தையல்மெஷின் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "உங்க அக்காவுக்காகன்னா நிறுத்துறேன், உங்களுக்காகன்னா மாட்டேன்" என்றார்.

ஊசி ஓரத்தில் இறங்கியது. அங்கேதான் வளைவு பெரிது. ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. வெறும் சரசரப்பு மட்டும் கேட்டது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"தயாரா? எழுதுங்க" என்றாய்.

என் கை தானாகப் போய்ப் பென்சிலை எடுத்தது. உன் வகுப்பிலிருந்து எத்தனை தடவை ஓடிப்போயிருக்கிறேன். நேற்று உட்கார்ந்து எழுதினேன். சரக்கு வந்து சேர்ந்த கடிதம், விலைப்பட்டியல் கேட்கிற கடிதம், உடைந்த பீங்கானுக்கு ஈடு கேட்கிற கடிதம். பின்னால் போகப்போக நீ வேகமெடுத்தாய். என்னால் பிடிக்க முடியவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எதைப் பற்றியும் பத்து மடங்கு சேர்த்துச் சொல்கிறவன் நான். இதில் எதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஒரு இடத்திலும் குதிக்கவில்லை. இரண்டு பக்கமும் முழுசாக வந்துவிட்டது. இன்று காலை பதிவை உன் மகளுக்கு அனுப்பியாயிற்று. அவள் பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் கொடுத்துவிட்டாளாம்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். இரண்டாம் பக்கம், உடைந்த பீங்கானுக்கும் அடுத்த கடிதத்துக்கும் நடுவில் ஒரு கதவு கிரீச்சிடுகிறது. நீ வாசிப்பை நிறுத்துகிறாய். பிறகு: "யார் அது? கதவைத் தட்டிட்டு வரத் தெரியாதா? அறிவிருக்கா? சாத்து!"

அந்தப் பள்ளிக்காரர்கள் அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அக்கா, அதைக் கேட்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். ரெக்கார்ட் பிளேயருக்கு முன்னால், தனியாக, என் வீட்டில்.

அந்தக் குரலுக்குக் கோபப்படத் தெரியும். மின்சார ஆபீஸ் ஜன்னலில் கண்ணாடி இருந்தால் கழற்றி வைக்கச் சொல்.

தம்பி


ஏப்ரல் 29

தம்பி,

தயாரா? படி.

இது உன் மருமகளின் கையெழுத்து. நான் தட்டுகிறேன், பெட்டி சொல்கிறது, இவள் எழுதுகிறாள். நானே எழுதியிருக்கலாம். ஆனால் இப்போதுதான் ஒரு மாணவி கிடைத்திருக்கிறாள், சும்மா விடுவானேன். ரொம்ப மெதுவாக எழுதுகிறாள். இதையும் எழுது என்றேன், முறைக்கிறாள்.

பெட்டியைப் பேச்சுப் பயிற்சி அம்மா போன வாரம் கொடுத்துவிட்டுப் போனாள். முதல் வேலையாக மின்சார ஆபீசுக்குப் போனேன். அதே எழுத்தர். மகளைப் பார்த்து வாயைத் திறந்தான். நான் பட்டனை அழுத்தினேன். "தம்பி, இங்க பார். மீட்டர் என்னோடது. கேள்வியை என்கிட்ட கேள்." நிமிர்ந்தான். பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி பெட்டியைப் பார்த்தான். சிரிப்பு வரப்போகிறதா என்று நான் காத்திருந்தேன். எழுந்து நின்றான். "சொல்லுங்க மேடம்" என்றான். நாளைக்கு மீட்டர் மாற்ற வருகிறார்கள்.

"நீர் ஒரு" வாக்கியத்தை முடிக்கவில்லை. தேவைப்படவில்லை. பெட்டியில் தயாராக வைத்திருக்கிறேன்.

குரல் எனக்குப் பொருந்துகிறதா என்று கேட்பாய். முதல் நாள் பொருந்தவில்லை. கொஞ்சம் அழுத்திப் பேசப் பழகினேன். இப்போது பரவாயில்லை.

அந்தக் கதவு. திறந்தது யார் என்று உனக்கு இன்னும் தெரியவில்லையா? சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாயே, நீதான். நான் கோபமாகப் பேசுகிற இடம் அந்தத் தட்டில் வேறு எங்குமே இல்லையாம், பேச்சுப் பயிற்சி அம்மா சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் என் கோபம் முழுக்க எடுத்திருக்கிறார்கள். இனி நான் யாரைத் திட்டினாலும் உன்னைத் திட்டியதிலிருந்து எடுத்துத்தான் திட்டுகிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. ஞாயிறு சாயந்திரம் போன் வரும். எடுத்ததும் பேச ஆரம்பிக்காதே. தட்ட எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். வாயை மூடிக்கொண்டு காத்திரு.

அக்கா